ஆன்சனை மட்டும் திட்டாதீர்கள்!

திறமைசாலிகளைப் பற்றிப் பேசும்போது நம்மிடம் இரண்டு சமாதானங்கள் எப்போதும் தயாராக இருக்கும். முதலாவது, ஆள் உயிரோடு இருக்கும்போது சொல்வது. 'அவரு எப்படியோ இருந்துட்டுப் போகட்டும் சார், ஆட்டத்தைப் பாருங்க!' இரண்டாவது, ஆள் செத்து நூறு வருடம் ஆனபிறகு சொல்வது. 'அந்தக் காலம் அப்படி. இன்னிக்கு அளவுகோலை வெச்சு அவரை அளக்கக் கூடாது.'

இந்த இரண்டையும் இந்த வாரம் ஒரே ஒரு மனிதர் மீது வைத்து உரசிப் பார்க்கலாம். ஏட்ரியன் கான்ஸ்டன்டைன் ஆன்சன். ரசிகர்கள் அழைத்த பெயர் 'கேப்' ஆன்சன். தொப்பி அல்ல, கேப்டன் என்பதன் சுருக்கம். அமெரிக்காவில் பேஸ்பால் என்பது சம்பளம் வாங்கி ஆடும் தொழிலாக மாறிய காலத்தின் முதல் சூப்பர் ஸ்டார்களில் ஒருவர்.

'பேஸ்பாலா? நமக்கு எதுக்குய்யா அது?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஆட்டத்தின் விதிகள் ஒன்றுகூடத் தெரியாமலே இந்த விவகாரம் உங்களுக்குப் புரியும். ஏனென்றால் இதில் வரும் முக்கியமான விதி, ஆட்ட விதிப் புத்தகத்தில் இல்லவே இல்லை.

முதலில் ஆட்டத்தைப் பார்த்துவிடுவோம். அவருக்குச் சேர வேண்டியதை முழுசாகக் கொடுத்துவிட்டுத்தான் சண்டைக்குப் போக வேண்டும்.

1852ல் அயோவா மாநிலத்தில் மார்ஷல்டவுன் என்ற ஊரில் பிறந்தார் ஆன்சன். அந்த ஊரை நிறுவியதே அவருடைய அப்பாதான். 1871ல், பத்தொன்பது வயதில், ராக்ஃபோர்டு அணியில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். அடுத்த நான்கு வருடம் ஃபிலடெல்ஃபியா. 1876ல் நேஷனல் லீக் தொடங்கியபோது சிகாகோ வொயிட் ஸ்டாக்கிங்ஸ் அணிக்கு வந்தார். அங்கேயே 22 வருடம். மொத்தம் 27 சீசன்கள் தொடர்ந்து ஆடியிருக்கிறார். பல வருடம் மூன்றாம் பேஸிலும் மற்ற இடங்களிலும் நின்று பார்த்துவிட்டு, 1879 வாக்கில் முதல் பேஸில் நிலைகொண்டார். பந்தை அடித்துவிட்டு ஓடி வருகிறவனை முதல் மூலையிலேயே மடக்குகிற இடம் அது. ஆறடி உயரம், நூறு கிலோ எடை. இந்த மனிதர் அங்கே நின்றால் எதிரணிக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதே 1879ல் அணிக்கு மேனேஜரும் ஆனார். களத்தில் கேப்டன், களத்துக்கு வெளியே கோச், கண்டிப்பான வாத்தியார், எல்லாம் ஒருவரே. 1880, 1881, 1882, 1885, 1886 என ஐந்து முறை சிகாகோ பட்டம் வென்றது. 1880ல் வெற்றி 67, தோல்வி வெறும் 17. இன்றுவரை எந்த அணியும் பொறாமைப்படும் கணக்கு. 1886ல் சீசனுக்கு முன்னால் ஆட்டக்காரர்களை ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸ் வெந்நீர் ஊற்றுகளுக்குக் கூட்டிப்போய், குளிர்காலத்தில் ஏற்றிக்கொண்ட கொழுப்பையும் குடித்த பீரையும் வியர்வையாக இறக்க வைத்தார். இன்று எல்லா அணிகளும் செய்கிற வசந்தகாலப் பயிற்சி முகாம் பிரபலமானதில் இதற்கு ஒரு பங்கு உண்டு. ஒரே பந்துவீச்சாளரைப் போட்டுப் பிழியாமல் இரண்டு பேரை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதிலும் அவர் முன்னோடி.

அடி? பேஸ்பாலில் பத்து முறை மட்டையோடு நின்று மூன்று முறை உருப்படியாக அடித்தாலே பெரிய ஆள். ஆன்சன் 1881ல் கிட்டத்தட்ட நான்கு முறை அடித்தார். சராசரி .399. வாழ்நாள் முழுக்க 3,000 ஹிட் என்ற மலையை முதலில் தொட்டவர் என்ற பெருமை அவருக்குத்தான் தரப்படுகிறது. (இதிலும் கணக்குப்பிள்ளைகளுக்கு ஒரு தகராறு உண்டு. 1887ல் மட்டும் ஒரு விசித்திர விதி. அடிக்காமல் இலவசமாக முதல் பேஸுக்கு நடந்தாலும் அது ஹிட். அதைச் சேர்ப்பதா வேண்டாமா, 1876க்கு முந்திய லீகைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதைப் பொறுத்து அவருடைய எண்ணிக்கை 3,000ஐ ஒட்டியும் வரும், 3,435 என்றும் வரும். உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.)

ஆக, ஆட்டத்தைப் பார்த்தாகிவிட்டது. மகா ஆட்டக்காரர். இதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை.

இனி 1883 ஆகஸ்ட் 10. ஓஹியோ மாநிலம், டொலிடோ நகரம்.

சிகாகோ அணி அங்கே ஒரு காட்சிப் போட்டிக்கு வருகிறது. காட்சிப் போட்டி என்றால் பட்டத்துக்காக அல்ல, வசூலுக்காக. டிக்கெட் பணத்தில் இரண்டு அணிகளுக்கும் பங்கு. டொலிடோ அணியின் கேட்ச்சர், அதாவது நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி மட்டைக்குப் பின்னால் நிற்பவர், மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர். ஓபர்லின் கல்லூரியிலும் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் படித்தவர். கறுப்பர்.

கறுப்பர் களத்தில் இருந்தால் என் அணி ஆடாது என்றார் ஆன்சன். சும்மா சொல்லவில்லை, அச்சில் ஏற்ற முடியாத வார்த்தையைச் சேர்த்துச் சொன்னார் என்று அந்த ஊர்ப் பத்திரிகை எழுதியது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? வாக்கர் அன்றைக்கு ஆடுவதாகவே இல்லை. அந்தக் காலத்து கேட்ச்சர்களுக்கு இன்று போலத் தடித்த கையுறை கிடையாது. கை வீங்கிப்போய் ஓய்வில் இருந்தார். ஆன்சன் மிரட்டியதும் டொலிடோ மேனேஜர் சார்லி மார்ட்டனுக்கு ரோஷம் வந்துவிட்டது. சும்மா உட்கார்ந்திருந்த வாக்கரை எழுப்பி, 'நீ போய் ரைட் ஃபீல்டில் நில்' என்று அனுப்பினார். ஆன்சனிடம், 'ஆட மாட்டேன்னா போங்க, டிக்கெட் பணத்துல பங்கு கிடையாது' என்று சொல்லிவிட்டார்.

ஆன்சன் என்ன செய்தார்? ஆடினார். மரியாதையாக முழு ஆட்டமும் ஆடினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கறுப்பரோடு களத்தில் இறங்குவதில்லை என்பது ஒரு மனிதனின் உயிர்க் கொள்கை என்றால், அது எவ்வளவு கேவலமான கொள்கையாக இருந்தாலும், ஒரு மத்தியான வசூலுக்கு அது விலைபோயிருக்குமா? போயிற்று. அப்படியானால் அது கொள்கையே இல்லை. அதிகாரம். செல்லுபடியாகும் இடத்தில் காட்டுவது, செல்லுபடியாகாத இடத்தில் சுருட்டி வைத்துக்கொள்வது.

அடுத்த வருடம் ஆன்சன் தரப்பு உஷாராகிவிட்டது. 1884ல் டொலிடோ அணி அமெரிக்கன் அசோசியேஷன் என்ற பெரிய லீகுக்கு உயர்ந்தது. கூடவே வாக்கரும் பெரிய லீக் ஆட்டக்காரர் ஆனார். சிகாகோ மறுபடி காட்சிப் போட்டிக்கு வருவதற்கு முன்னாலேயே, கறுப்பர் யாரும் ஆட மாட்டார்கள் என்று எழுத்து மூலம் உத்தரவாதம் கேட்டது. வாக்கர் அன்று ஆடவில்லை. 1887 ஜூலை 14, நூவர்க் நகரம். அங்கே ஜார்ஜ் ஸ்டோவி என்ற கறுப்பினப் பந்துவீச்சாளர் அந்த ஒரே சீசனில் முப்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களை ஜெயித்துக்கொண்டிருந்தவர். வாக்கரும் அப்போது அதே அணியில். ஆன்சன் வந்தார். ஸ்டோவிக்கு 'உடம்பு சரியில்லை' என்று அறிவிப்பு வந்தது. 1888ல் சிராகியூஸ் நகரத்திலும் அதே கதை, அதே வாக்கர்.

'சரிங்க, அந்தக் காலம் அப்படி' என்கிறீர்களா?

எந்தக் காலம்? சார்லி மார்ட்டன் எந்தக் காலத்து ஆள்? அதே 1883. அதே மைதானம். ஆன்சனுக்கு எதிரே ஐந்தடி தூரத்தில் நின்றிருந்தார். அதே வருடம் மார்ச் மாதம், டொலிடோ ஆடிய நார்த்வெஸ்டர்ன் லீகில், கறுப்பர்களைத் தடை செய்ய வேண்டும் என்று பியோரியா கிளப் கிளப்பிய பேச்சு எடுபடவில்லை. கூட்டத்தில் பேசித் தீர்த்து, வாக்கர் ஆடலாம் என்று விட்டார்கள். அவர்கள் எந்தக் காலம்? வாக்கர் படித்த ஓபர்லின் கல்லூரி, அடிமை முறை ஒழிவதற்கு முப்பது வருடம் முன்பே, 1835லேயே கறுப்பு மாணவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட இடம். அது எந்தக் காலம்?

'காலம்' என்று நாம் சொல்வது ஏதோ மழை வெயில் மாதிரி மேலே இருந்து இறங்கிய ஒன்று அல்ல. 1883ல் அமெரிக்கா இரண்டு பக்கமும் சாயக்கூடிய தராசாக இருந்தது. பொது இடங்களில் நிறபேதம் காட்டக்கூடாது என்று 1875ல் கொண்டுவரப்பட்ட சட்டம், டொலிடோ ஆட்டம் நடந்த அன்றுகூட உயிரோடுதான் இருந்தது. இரண்டு மாதம் கழித்து, அக்டோபரில், உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. தனித்தனி ரயில் பெட்டி சட்டப்படி சரியே என்று அதே நீதிமன்றம் சொன்னது 1896ல். அதாவது ஆன்சன் முறைத்துக்கொண்டு நின்ற நாளில் எதுவும் முடிவாகியிருக்கவில்லை. தராசுத் தட்டில் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு கல்லை வைத்துக்கொண்டிருந்தார்கள். நாட்டிலேயே புகழ்பெற்ற ஆட்டக்காரன் வைக்கிற கல் கனமானது. அது அவருக்குத் தெரியும்.

காலத்தின் சாட்சி இன்னொருவரும் இருக்கிறார். வாக்கரின் தம்பி வெல்டி வாக்கர். அவரும் 1884ல் டொலிடோவுக்காகச் சில ஆட்டங்கள் ஆடியவர். 1888 மார்ச்சில், தான் ஆடிவந்த லீக் கறுப்பர்களுக்குக் கதவைச் சாத்தியபோது, லீக் தலைவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 'ஸ்போர்ட்டிங் லைஃப்' பத்திரிகை அதை வெளியிட்டது. அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. எங்களுக்குத் திறமை போதாது, நடத்தை சரியில்லை என்று காரணம் காட்டி வெளியே அனுப்புங்கள், ஒப்புக்கொள்கிறேன், தோல் நிறத்தைக் காரணம் காட்டாதீர்கள் என்ற தோரணையில் இருந்தது அந்தக் கடிதம். இது தப்பு என்று அந்தக் காலத்து மனிதர்களுக்குத் தெரியாது என்று இனி யாராவது சொன்னால், இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். தெரிந்தது. அச்சிலேயே இருந்தது. படித்தார்கள். மடித்து வைத்துவிட்டார்கள்.

ஆக, இரண்டாவது சமாதானம் காலி.

ஆனால் இங்கேதான் எனக்கு இன்னொரு தரப்போடு சண்டை. இவர்கள் ஆன்சனைத் திட்டுகிறவர்கள். கறுப்பர்களை பேஸ்பாலிலிருந்து அறுபது வருடம் துரத்தியடித்தது ஆன்சன் என்ற ஒற்றை மனிதர்தான் என்று எழுதுகிறவர்கள். சினிமா வில்லன் மாதிரி மீசையை முறுக்கிக்கொண்டு தனியாளாக வாசலில் நின்றாராம். படிக்கச் சுவாரசியமாகத்தான் இருக்கிறது.

1887 ஜூலை 14 என்று மேலே ஒரு தேதி சொன்னேன் இல்லையா? அதே நாளில் நூவர்க்கிலிருந்து தள்ளி பஃபலோ நகரத்தில் ஒரு கூட்டம் நடந்தது. நூவர்க் அணி ஆடிய இன்டர்நேஷனல் லீகின் கிளப் முதலாளிகள் கூட்டம். இனிமேல் கறுப்பு ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களுக்கு லீக் ஒப்புதல் தராது என்று முடிவெடுத்தார்கள். ஓட்டு 6க்கு 4. கறுப்பு ஆட்டக்காரர்களை வைத்திருந்த கிளப்கள் எதிர்த்தன. வைத்திராத கிளப்கள் ஜெயித்தன. எதிரியின் நல்ல ஆட்டக்காரனை ஓட்டுப் போட்டே அவுட் ஆக்கும் வசதி எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

இரண்டு சம்பவமும் ஒரே தேதி என்பதால் 'ஆன்சன் மறுத்தார், லீக் தடை போட்டது' என்று முடிச்சுப் போடுகிறார்கள். தப்பு. ஆன்சன் அந்த லீகிலேயே கிடையாது. அவர் நேஷனல் லீக் ஆள். அன்று சாயங்காலம் அவர் நூவர்க்கில் வாலைச் சுருட்டிக்கொண்டு ஸ்டோவியோடு ஆடியிருந்தாலும், பஃபலோவில் அந்த ஆறு கைகளும் உயர்ந்துதான் இருக்கும்.

ஏனென்றால் அந்த வருடம் முழுக்க கீழே நடந்துகொண்டிருந்தது வேறு. சிராகியூஸ் அணியில் ராபர்ட் ஹிக்கின்ஸ் என்ற கறுப்பினப் பந்துவீச்சாளர். மே மாதம் டொராண்டோவில் அவர் பந்து வீசியபோது, சொந்த அணிக்காரர்களே வேண்டுமென்று பந்துகளை விட்டு ஆட்டத்தை 28-8 என்று தோற்றார்கள். பிறகு அணியின் குரூப் போட்டோ எடுக்கும் நாளில், இவனோடு ஒரே படத்தில் உட்கார மாட்டேன் என்று டக்ளஸ் க்ராதர்ஸ் என்ற பந்துவீச்சாளர் தகராறு செய்து சஸ்பெண்ட் ஆனார். பிங்காம்டன் அணியில் கறுப்பர்களோடு ஆட மாட்டோம் என்று வெள்ளை ஆட்டக்காரர்கள் நிர்வாகத்தை நெருக்க, பட் ஃபவுலர் என்ற அருமையான ஆட்டக்காரர் வெளியே போனார். செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் வீரர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, கறுப்பர் அணியான கியூபன் ஜயன்ட்ஸோடு ஆட முடியாது என்று முதலாளிக்குக் கடிதம் கொடுத்தார்கள். அந்தக் கையெழுத்துகளில் ஆன்சன் இல்லை. நாட்டின் வேறு மூலை, வேறு அணி.

இவ்வளவு ஏன், வாக்கரின் சொந்த அணியிலேயே டோனி முல்லேன் என்ற நட்சத்திரப் பந்துவீச்சாளர் இருந்தார். தான் பந்து போட்டதிலேயே வாக்கர்தான் சிறந்த கேட்ச்சர், ஆனால் அவர் கறுப்பர் என்பதால் அவர் காட்டிய சைகையை மதிக்காமல் இஷ்டத்துக்குப் போட்டேன் என்று பல வருடம் கழித்து அவரே சொன்னார். எந்தப் பந்து வரும் என்று தெரியாமல், வெறுங்கையோடு நின்று வாங்கியவர் வாக்கர். 1884ல் அப்படியே 42 ஆட்டம் ஆடி, மட்டையிலும் .263 எடுத்தார்.

இதற்கெல்லாம் ஆன்சனா காரணம்? இல்லை. ஆன்சன் செய்தது வேறு. முணுமுணுத்துக்கொண்டிருந்த ஒரு கூட்டத்துக்கு உரத்த குரல் கொடுத்தார். 'ஆன்சனே மறுக்கிறார், நாம் என்ன?' என்று ஒதுங்கிக்கொள்ள வசதி செய்துகொடுத்தார். கறுப்பு ஆட்டக்காரர்களின் வரலாற்றை 1907ல் புத்தகமாக எழுதிய சால் வொயிட், தானும் அந்தக் காலத்தில் களத்தில் நின்று ஆடியவர். அவர் ஆன்சன் மீது வைக்கும் குற்றச்சாட்டை நிதானமாகப் படித்தால் ஒன்று தெரியும். அவருடைய வெறுப்பும் செல்வாக்கும் சேர்ந்து, கறுப்பர்களை வெளியேற்றுவதைத் துரிதப்படுத்தின என்பதே அவர் சொல்வது. உண்டாக்கியது என்றல்ல, துரிதப்படுத்தியது என்று. பாதிக்கப்பட்டவரே இவ்வளவு அளந்து பேசியிருக்கிறார். நமக்கு என்ன அவசரம்?

ஆன்சனை ஒற்றை வில்லனாக்குவதில் யாருக்கு லாபம் என்று கேளுங்கள். ஆன்சன் சிகாகோ அணியை விட்டுப் போனது 1898. நியூயார்க் அணிக்கு அதே வருடம் சில வாரங்கள் மேனேஜராக இருந்ததோடு பெரிய லீகில் அவர் கதை முடிந்தது. 1922ல் செத்தே போனார். ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கியது 1947 ஏப்ரல் 15. நடுவில் கிடக்கிற 49 வருடத்துக்கு எந்த ஆன்சன் பொறுப்பு? 1920லிருந்து செத்த நாள் வரை பேஸ்பாலின் கமிஷனராக உட்கார்ந்திருந்த நீதிபதி லேண்டிஸ், 1942ல் அழகாக ஒரு அறிக்கை விட்டார். கறுப்பர்களை எடுக்கக் கூடாது என்று எந்த விதியும் கிடையாதாம். உண்மைதான். விதி கிடையாது. ஆட்டக்காரனும் கிடையாது! பாஸ்டன் ரெட் சாக்ஸ் தன் முதல் கறுப்பு ஆட்டக்காரரைக் களத்தில் இறக்கியது 1959ல். ஆன்சன் மண்ணுக்குள் போய் 37 வருடம் ஆகியிருந்தது. அவர் கல்லறையிலிருந்து எழுந்து வந்தா ரெட் சாக்ஸ் முதலாளியின் கையைப் பிடித்தார்?

ஆன்சனை வாய் வலிக்கத் திட்டினால், கோட்டு போட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தப்பித்துவிடுகிறார்கள். அதனால்தான் சொல்கிறேன். திட்டுங்கள். அவரை மட்டும் திட்டாதீர்கள்.

அந்த முதலாளிகள் ஆன்சனையாவது நன்றாக வைத்துக்கொண்டார்களா என்றால், அதுவும் இல்லை. 1890ல் ஆட்டக்காரர்கள் முதலாளிகளின் பிடியை உதறி, ஜான் வார்டு தலைமையில் தங்களுக்கென்று ஒரு லீகே தொடங்கினார்கள். கொத்துக் கொத்தாக ஆட்கள் போனபோது போகாமல் முதலாளி ஸ்பால்டிங் பக்கமே நின்றவர் ஆன்சன். கிளப்பில் அவருக்குக் கொஞ்சம் பங்கும் இருந்தது. தானும் முதலாளி வர்க்கம் என்றே நினைத்துக்கொண்டார். எட்டு வருடம் கழித்து ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை. அவ்வளவுதான். அப்பா போன வீடு மாதிரி ஆகிவிட்டதென்று பத்திரிகைகள் அந்த அணிக்கு 'அநாதைகள்' என்றே பெயர் வைத்தன. ஆறுதலாக 50,000 டாலர் நிதி திரட்டித் தருகிறோம் என்று ஸ்பால்டிங் தரப்பு சொன்னபோது, நான் பிச்சைக்காரன் இல்லை என்ற வீம்பில் ஆன்சன் மறுத்துவிட்டார். பிறகு லீக் தருவதாகச் சொன்ன பென்ஷனையும் வேண்டாம் என்றார். இந்த வீம்பை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. 1905ல் சிகாகோ நகர கிளார்க் பதவிக்குத் தேர்தலில் நின்று ஜெயித்தார், நீடிக்கவில்லை. தொட்ட தொழில் எல்லாம் நஷ்டம். கடைசியில் மகள்களோடு மேடையேறி விகட நாடகம் நடித்துப் பிழைத்தார்.

இதற்கு நடுவில் ஒரு சின்ன விஷயம். என்னை மிகவும் உறுத்துவது இதுதான். 1907, 1908 வாக்கில் ஆன்சன் சொந்தக் காசைப் போட்டு 'ஆன்சன்ஸ் கோல்ட்ஸ்' என்று ஒரு உள்ளூர் அணி நடத்தினார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், ஆள் பற்றாமல் தானே மறுபடி முதல் பேஸில் போய் நின்றார். சிகாகோவில் அப்போது கூட்டத்தை இழுத்த அணிகளில் ஒன்று லேலண்ட் ஜயன்ட்ஸ். முழுக்க முழுக்கக் கறுப்பர் அணி. ஆன்சன் அணி அவர்களோடு ஆடியது. மறுப்பு இல்லை, மிரட்டல் இல்லை, உடம்பு சரியில்லை என்ற அறிவிப்பு இல்லை. வசூல் வேண்டுமே.

டொலிடோவில் ஒரு மத்தியானம் நடந்தது தற்செயல் இல்லை என்று இப்போது தெரிகிறதா? ஆரம்பத்திலும் பணம் போகும் என்றதும் ஆடினார். முடிவிலும் பணம் வரும் என்றதும் ஆடினார். நடுவே, தன் பாக்கெட்டுக்கு எந்தச் சேதமும் இல்லாத வருடங்களில்தான் ஸ்டோவிக்கும் வாக்கருக்கும் வேலை போயிற்று.

நமக்கு இதில் ஒரு சின்னத் தொடர்பும் உண்டு. 1888-89ல் ஸ்பால்டிங் இரண்டு அணிகளைக் கப்பலில் ஏற்றி உலகம் சுற்றினார். பேஸ்பாலைப் பரப்பவும், அப்படியே தன் விளையாட்டுச் சாமான் வியாபாரத்தை வளர்க்கவும்! ஒரு அணிக்கு ஆன்சன் தலைவர், இன்னொன்றுக்கு வார்டு. ஆஸ்திரேலியாவில் ஆடிவிட்டு 1889 ஜனவரியில் கொழும்பில் இறங்கி, அங்கேயும் ஒரு ஆட்டம் ஆடிக் காட்டினார்கள். அந்தக் குழுவோடு கிளாரன்ஸ் டுவால் என்ற கறுப்பு இளைஞன் இருந்தான். ஆட்டக்காரனாக அல்ல. அதிர்ஷ்ட பொம்மையாக. முன்னால் ஆடிப்பாடிக்கொண்டு போவது அவன் வேலை. கொழும்புக்கு அடுத்து எகிப்து. கெய்ரோ ரயில் நிலையத்தில் அவன் முகத்தில் கேட்ச்சர் முகமூடியை மாட்டி, கயிறு கட்டி, குரங்கு மாதிரி இழுத்துக்கொண்டு போய் வேடிக்கை காட்டியிருக்கிறார்கள். பதினோரு வருடம் கழித்து 1900ல் வெளியான தன் சுயசரிதையில் இந்தப் பையனைப் பற்றி ஆன்சன் எழுதியிருக்கும் வார்த்தைகளை இங்கே எடுத்துப் போட எனக்கு மனசில்லை. களத்தில் நிற்க அனுமதியில்லாத நிறம், ஊர்வலத்தில் முன்னால் ஆடுவதற்கு மட்டும் தேவைப்பட்டது. சிறந்த கேட்ச்சராக வாக்கர் மாட்டியிருக்க வேண்டிய முகமூடி டுவாலின் முகத்தில் எதற்குப் பயன்பட்டது என்று பாருங்கள்.

சரி, இப்போது என்ன செய்வது?

நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரில் பேஸ்பாலின் புகழ் மண்டபம் இருக்கிறது. மகா ஆட்டக்காரர்களுக்கு வெண்கலத் தகடு வைக்கும் இடம். 1939லேயே ஆன்சனுக்குத் தகடு வைத்துவிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த அடியாளர், தலைசிறந்த ஆட்டக்கார மேனேஜர், ஐந்து பட்டம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. டொலிடோ இல்லை. நூவர்க் இல்லை. ஏதோ மறந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். 1939ல் அந்தத் தடை முழு வீச்சில் அமலில் இருந்தது. அந்த வருடம் தகடு திறப்பு விழாவைக் கொண்டாடிய பெரிய லீக் அணிகள் எதிலும் ஒரு கறுப்பர் கிடையாது. அன்றும் நடந்துகொண்டிருக்கிற காரியத்தைக் குற்றமென்று தகட்டில் எப்படிப் பொறிப்பார்கள்?

தகட்டைக் கழற்றி எறியச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. 1880ல் 67 ஆட்டம் ஜெயித்தது பொய்யாகிவிடாது. கழற்றினால் ஆன்சனோடு சேர்ந்து டொலிடோவும் மறந்துபோகும். தகடு இருக்கட்டும். ஒரு வரி சேருங்கள். கறுப்பர்களோடு ஆட மறுத்து அவர்களை வெளியேற்றத் துணைநின்றவர் என்று, அதே வெண்கலத்தில், அதே அளவு எழுத்தில். முடியாதென்று சொல்ல முடியாது. 2020ல் சிறந்த ஆட்டக்காரர் விருதுப் பட்டயத்திலிருந்து லேண்டிஸின் பெயரையே பேஸ்பால் எழுத்தாளர்கள் சங்கம் எடுத்துவிட்டது. அதே வருடம் டிசம்பரில், 1920 முதல் 1948 வரையிலான கறுப்பர் லீகுகளையும் பெரிய லீகுகள் என்று அங்கீகரித்தார்கள். 2024ல் அந்தக் கணக்குகளைப் பொதுக் கணக்கில் சேர்த்தபோது, வாழ்நாள் சராசரியில் முதலிடம் டை காபிடமிருந்து ஜாஷ் கிப்சனுக்குப் போனது. .367க்கு மேலே .372. பெரிய லீகில் ஒரு நாள்கூட ஆட விடப்படாமல் 1947 ஜனவரியில், ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதம் முன்னால் செத்துப்போனவர் கிப்சன். ஏட்டில் எண்களையே திருத்த முடிகிறவர்களுக்கு ஒரு வரி கஷ்டமா?

சால் வொயிட்டுக்கும் ஃபிராங்க் கிரான்ட்டுக்கும் 2006ல் கூப்பர்ஸ்டவுனில் இடம் கிடைத்தது. பிங்காம்டன் துரத்தியடித்த பட் ஃபவுலருக்கு 2022ல் கிடைத்தது. தாமதம்தான் என்றாலும் கிடைத்தது.

வாக்கர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 1889ல் சிராகியூஸ் அணி அவரை விடுவித்தது. அதற்குப் பிறகு 1946ல் ராபின்சன் மான்ட்ரியல் அணிக்கு வரும்வரை இன்டர்நேஷனல் லீகில் கறுப்பர் ஒருவரும் கிடையாது. 1908ல் ஒரு சிறு நூல் எழுதினார். இந்த நாட்டில் நமக்கு வழியில்லை, ஆப்பிரிக்காவுக்கே போய்விடுவதுதான் மேல் என்று அதில் வாதாடினார். கல்லூரியில் படித்து, வெள்ளையர்களோடு ஒரே அணியில் ஆடி, இது நம் நாடு என்று நம்பி வளர்ந்தவர் எழுதியது அது. 1924ல் இறந்தார். ஓஹியோ மாநிலம் 2017ல் அவர் பிறந்த அக்டோபர் 7ஆம் தேதியை அவர் பெயரால் அனுசரிக்கச் சட்டம் போட்டது.

கூப்பர்ஸ்டவுனில் அவருக்குத் தகடு கிடையாது. 42 ஆட்டம் போதாதாம். குறைந்தது பத்து சீசனாவது ஆடியிருக்க வேண்டும் என்பது அங்கே விதி. இந்த விதியை மட்டும் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள்.